கயிறு மாற்றிய கேள்விச் சுவடி

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், வீரகேசரி என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் அவருக்கு ஏதாவது ஒரு யோசனை உதித்துவிடும். அன்றைக்கு நாட்டுக்கே தலைவலி!

ஒருநாள், "நம் நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி படிக்கிறார்களா?" என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல்வி மந்திரி திருமேனிநாதர் சும்மா இருப்பாரா? ஓலைக்கு ஒரு கேள்வியும் அதன் பதிலும் எழுதி, கயிற்றில் கோத்து, சுவடியாகக் கொண்டுவந்து நீட்டினார்.

"மகாராஜா, எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இந்த ஒரே பரீட்சைதான். முதலில் வரும் பள்ளிக்குத் தங்க மணி. கடைசியில் வரும் பள்ளிக்குப் பூட்டு!"

"பேஷ்!" என்றுவிட்டார் ராஜா.

அப்புறம் கேட்கவா வேண்டும்? பூட்டுக்குப் பயந்து வாத்தியார்கள் பாட்டை விட்டார்கள், கதையை விட்டார்கள், கணக்கைக்கூட விட்டார்கள். கேள்விகள் எப்படியோ முன்கூட்டியே கசிந்துவிட்டன. எப்படி என்று திருமேனிநாதரைத்தான் கேட்க வேண்டும். பொழுது விடிந்து பொழுது போனால் பிள்ளைகள் அந்தப் பதில்களையே வரிசையாகக் கத்தினார்கள். பதில் இருக்கும்போது கேள்வி எதற்கு என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

உப்பளப்பட்டி வாத்தியார் சுடலைமுத்து மட்டும் எப்போதும் போலவே பாடம் நடத்தினார். பரீட்சைக்கு வந்த அதிகாரி, "நம் நாட்டில் ஓடும் ஆறு எது?" என்று கேட்டார்.

"எந்த மாசத்துல ஐயா? சித்திரையில ஒண்ணும் ஓடாதே!" என்றாள் பேச்சியம்மை என்ற சிறுமி.

ஓலையில் எழுதியிருந்த பதில் பொன்னாறு. போட்டாரே முட்டை! அந்தப் பள்ளிதான் கடைசி. அக்கம்பக்கத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. பூட்டு விழுந்தால் அத்தனை பிள்ளைகளும் உப்பு வாரத்தான் போக வேண்டும்.

அரண்மனை விகடன் செங்கோடன் காதுக்கு இது எட்டியது. நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, பரீட்சையில் இருக்கிறது. தயவுசெய்து பூட்டை நிறுத்துங்கள்."

செங்கோடன் பேச்சை ராஜா கேட்டாலே திருமேனிநாதருக்கு ஆகாது. "அப்படியா? செங்கோடனே அந்தக் கோளாறைக் காட்டட்டும். ஆனால் ஓர் எழுத்து மாறக் கூடாது, ஓர் ஓலை கூடக் கூடாது, குறையவும் கூடாது. காட்ட முடியாவிட்டால் உப்பளப்பட்டிப் பள்ளியை தன் கையாலேயே பூட்டட்டும்!" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"உத்தரவு மகாராஜா. தங்க மணி வாங்கிய பள்ளியில் தாங்களே கேள்வி கேட்க வேண்டும். அப்புறம், சுவடியின் கயிறு நைந்திருக்கிறது. புதுக் கயிறு போடலாமா?"

"கயிறுதானே, தாராளமாகப் போடுங்கள்" என்று மந்திரி இளித்தார்.

செங்கோடன் எல்லார் கண்முன்னாலும் ஓலைகளைப் பிரித்து, புதுக் கயிற்றில் கோத்துக் கொடுத்தான்.

ராஜா பரிவாரத்தோடு தங்க மணிப் பள்ளிக்குப் போனார். முதல் ஓலையைப் புரட்டினார்.

"களஞ்சியத்து நெல்லைத் தின்று தீர்ப்பது யார்?"

"மகாராஜா வீரகேசரி!" என்று பள்ளியே அதிரக் கத்தினார்கள் பிள்ளைகள்.

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மந்திரிக்கு முகம் வெளுத்தது. சரி, அடுத்த ஓலை.

"நெல்லை எதில் அளப்பார்கள்?"

"பொன்னாறு!"

"நம் நாட்டில் ஓடும் ஆறு எது?"

"மரக்கால்!"

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி ஓலைக்கு வந்தார். "நம்மை ஆளும் மன்னர் யார்?"

"பெருச்சாளி!"

கூட வந்த யானைப்பாகன் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே ஓடினான்.

"செங்கோடா! என்ன செய்தாய்?"

"ஓர் எழுத்தும் மாற்றவில்லை மகாராஜா. ஓலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரிசையைத் தலைகீழாக்கிக் கோத்தேன், அவ்வளவுதான். கடைசி ஓலை முதலில் வந்தது, முதல் ஓலை கடைசிக்குப் போய்விட்டது. இந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். பூட்டுக்குப் பயந்து பதிலை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். கேள்வியைக் கேட்க யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை."

ராஜா அதே சுவடியோடு உப்பளப்பட்டிக்குப் புறப்பட்டார். வாசலில் பூட்டோடு சேவகன் நின்றான். சுடலைமுத்து கண் கலங்கி ஓரமாக நின்றார்.

"களஞ்சியத்து நெல்லைத் தின்று தீர்ப்பது யார்?"

"பெருச்சாளி! எலியும் உண்டு. நீங்க ஒரு பூனை வளக்கலாமே!" என்றாள் பேச்சியம்மை.

"நம்மை ஆளும் மன்னர் யார்?"

அவள் ராஜாவை மேலும் கீழும் பார்த்தாள். "வீரகேசரி மகாராஜானு சொல்றாங்க. இந்தப் பக்கம் வந்ததே இல்ல. நீங்கதானா அது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பரீட்சையை அங்கேயே ரத்து செய்தார். கேள்வி கேட்கப் பழகும்வரை திருமேனிநாதர் இந்தப் பள்ளியில் முதல் வரிசையில் உட்கார வேண்டும் என்று உத்தரவிட்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடனுக்குப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன பைத்தியமா? வாங்கிக்கொண்டான்.

"பிள்ளைகளே, இந்தப் பள்ளிக்கூடத்தை இனி யாரும் மூட முடியாது!" என்று அறிவித்தார் ராஜா.

சுடலைமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பேச்சியம்மை மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

"ஒரு நாள்கூடவா மூட முடியாது, மகாராஜா?"

மறுநாள் நாடு முழுக்க விடுமுறை!