முதல் விரிசல்

பேராசிரியர் தேவகிருபை தன் காகிதங்களையெல்லாம் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தார். இயற்பியல் துறையில் ஒரு வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தவை அவை. அலமாரி, பரண், கட்டிலுக்கடி என்று வீடு முழுக்க அடைந்து கிடந்தன. பிரித்துக் கொடுக்க அவருடைய பழைய மாணவர் சிக்கந்தர் வந்தார். சிக்கந்தருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. அதே துறைக்கு இன்று அவர்தான் தலைவர்.

நூலகர் சுடர்க்கொடி காலையிலேயே வண்டியோடு வந்து பெட்டிகளை இறக்கினார்.

"ஆராய்ச்சி சம்பந்தப்பட்டதெல்லாம் பச்சைப் பெட்டி சார். யார் கேட்டாலும் எடுத்துக் குடுப்போம். சொந்த விஷயம்னா சிவப்பு. மேடம் காலத்துக்கு அப்புறமும் ரொம்ப நாள் அதைத் திறக்க மாட்டோம்."

சிக்கந்தருக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. எடுத்ததெல்லாம் புதையலாக இருந்தது. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் ஒரு சமன்பாடு. யாருடைய கல்யாணப் பத்திரிகையிலோ மை கசிந்த ஒரு வரைபடம். ஒரு நுண்ணோக்கி வாங்க அரசாங்கத்தோடு வருஷக்கணக்காக நடத்திய சண்டையின் நகல்கள். ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் காட்டினார். தேவகிருபை வறுத்த பட்டாணியைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சிக்கந்தரின் ஆய்வேடு அவர் கைக்கே வந்தது.

காய்கிற குளத்துச் சேற்றில் விரிசல்கள் ஏன் இன்ன இடைவெளியில் விழுகின்றன என்பது அவருடைய ஆய்வு. வேலை, பெயர், பதவி எல்லாம் வாங்கிக் கொடுத்தது அதன் நாலாவது அத்தியாயம். ஆசையோடு அதைப் புரட்டினார். அந்த அத்தியாயத்தின் முதல் பக்க ஓரத்தில், பென்சிலில், தேவகிருபையின் சின்ன எழுத்து:

'வரிக்கு வரி சரி. எனக்குப் புரியவில்லை.'

சிக்கந்தருக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டாம் முறை படித்தார். பிறகு ஆய்வேட்டை மூடி, மெல்லச் சிவப்புப் பெட்டியின் பக்கம் நகர்த்தினார்.

தேவகிருபை பார்த்துவிட்டார்.

"அது என் சொந்த விஷயமாப்பா?"

"மேடம், புரியலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"கையெழுத்துப் போட்டீங்களே."

"தப்பு ஒண்ணும் இல்லையே. போட்டேன்."

"இத்தனை வருஷமா அதைத்தான் வகுப்புல சொல்லிட்டிருக்கேன். புரியலைன்னா அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?"

தேவகிருபை எழுந்தார். பட்டாணிக் கிண்ணத்தை மூடி வைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"வா, குளத்துக்குப் போவோம். நாலாவது அத்தியாயத்தை அங்க வச்சுச் சொல்லு."

வீட்டுக்குப் பின்னால்தான் குளம். பங்குனி வெயிலில் தண்ணீர் நடுவுக்கு ஒடுங்கியிருந்தது. கரையோரம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடித்த சேற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் வழவழவென்று ஒரு ஈரப் பட்டை.

சிக்கந்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். அவருக்கு அது மனப்பாடம்.

"ஒரு விரிசல் இருக்குன்னு வச்சுக்குவோம். அதுக்குப் பக்கத்துல சேறு இழுபடுறது தளர்ந்துடும். அதனால அடுத்த விரிசல் கொஞ்சம் தள்ளித்தான் விழ முடியும். எவ்வளவு தள்ளின்னு கணக்குப் போட்டா..."

"நில்லு. அந்த முதல் விரிசல் எங்கேருந்து வந்துது?"

"அது இருக்குன்னு வச்சுக்கிட்டோம் மேடம்."

"எங்க வச்சுக்கிட்ட?"

சிக்கந்தர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஈரப் பட்டையைப் பார்த்தார். பிறகு கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுச் சேற்றில் இறங்கினார். துறைத் தலைவர் மண்டியிட்டுக் கைகளை ஊன்றி, மூக்கு மண்ணில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"மேடம், இங்க வாங்க. மெதுவா. வழுக்கும்."

தேவகிருபை தடியைக் கரையில் போட்டுவிட்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"கொக்கு கால் வச்ச தடம். இந்த விரல் நுனியைப் பாருங்க. மயிர் மாதிரி ஒரு கோடு கிளம்புது. இங்கேருந்துதான் ஆரம்பிக்குது. நாங்க மண்ணைச் சலிச்சு, தட்டுல ஊத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பார்த்தோம். லேப்ல கொக்கே வரலையே மேடம்."

குரல் பரபரத்தது. இளம் வயதில் முதல் அளவீடு கைகூடிய நாளில் அவர் இப்படித்தான் பேசியிருப்பார்.

"அப்ப அது?" என்று தேவகிருபை ஒரு முழம் தள்ளிக் கைகாட்டினார்.

அங்கே தடம் எதுவும் இல்லை. வழித்து விட்டது போலச் சேறு சமமாக இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு கோடு திறந்து நீண்டுகொண்டிருந்தது.

"அடியில நத்தை ஓடு கிடக்கலாம்."

"கிடக்கலாம்."

சிக்கந்தர் விரலால் மெல்லத் தோண்டினார். ஓடு இல்லை. வேரும் இல்லை, துரும்பும் இல்லை.

"காத்துக் குமிழி ஏதாவது இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். அதோ, இன்னொண்ணு திறக்குது."

சிக்கந்தர் அதை நோக்கித் தவழ்ந்து போனார். சட்டை முழுக்கச் சேறு. வெயில் முதுகில் உறைத்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். காற்று என்றார், நிழல் என்றார், மண்ணின் பருமன் என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவரே ஒவ்வொன்றையும் வெட்டினார். கடைசியில் குதிகாலில் உட்கார்ந்து நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

"தெரியல மேடம்."

கரையில் சுடர்க்கொடி வந்து நின்றார். இருவரையும் அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"சார், வண்டி கிளம்பணும். உங்க ஆய்வேடு மட்டும் வெளியவே இருக்கு. பச்சையா, சிவப்பா?"

"பச்சை. மேலாப்ல வைங்க. நாலாவது அத்தியாயத்துல ஒரு சீட்டு சொருகிடுங்க, எடுத்தவங்க கண்ணுல அந்தப் பக்கம்தான் முதல்ல படணும்."

சுடர்க்கொடி போனார். வீட்டுப் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் சேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.

சிக்கந்தர் மறுபடியும் கேட்டார். இந்த முறை குரலில் வருத்தம் இல்லை.

"சொல்லுங்க மேடம். அப்பவே ஏன் என்கிட்ட கேக்கல?"

தேவகிருபை சேற்றிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருந்துதேப்பா."