கழுகுப்பாறையில் ஆணி

கழுகுப்பாறையின் விளிம்பில் கழுகு குஞ்சு பொரித்திருந்த மாசி மாதம் அது. மலையேறுவதில் புலி என்று பெயரெடுத்த ஜெயசிம்மன், படம்பிடிக்க நாலு பேரோடு வந்து, ஏறும்போது கயிறு மாட்டிக்கொள்ளப் பாறையில் துளை போட்டு இரும்பு ஆணி அடிக்கப் போனார்.

"துளை போடக் கூடாதுங்கய்யா. சத்தத்துல தாய் பறந்துட்டா குஞ்சு செத்துடும்" என்று மறித்தாள் வனக்காவலர் ரங்கி.

"மந்திரியே எனக்கு வேண்டியவர். வழியை விடு."

ரங்கி ஒற்றை ஆள். கொஞ்சம் யோசித்தாள்.

"சரிங்கய்யா. ஆணி இல்லாம எனக்கு ஏற வராதுன்னு அந்தக் கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டு அடிச்சுக்குங்க. நான் மேலதிகாரிக்குக் காட்டணும்."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஜெயசிம்மன் பாறையைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று துளைபோடும் மிஷினைப் பைக்குள் வைத்தார்.

"குஞ்சு பறந்ததும் வாங்கய்யா, ஆணியில்லாமலே ஏறலாம்" என்றாள் ரங்கி.

குஞ்சு பறந்து மூன்று வருஷமாகிறது. அவர்தான் இன்னும் வரவில்லை.