முதல் அகப்பை

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் முதல் தடவையே சரியாகச் சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஓர் ஊர். அங்கே கடை வைத்திருந்தவர் தம்பிராசா. அதற்குமுன் ஓட்டைச் சட்டிகளுக்கு ஈயம் பற்றவைத்துப் பிழைத்தவர். அவர் கடையில் டின் மீன்கள் வயிறு ஊதிக் கிடந்ததைச் சுகாதாரப் பரிசோதகர் நவரெத்தினம் கண்டார். நல்லது கெட்டது பிரிக்காமல் எல்லாப் பெட்டிகளையும் கைப்பற்றி, நீதிமன்றம் சொல்லும்வரை கிடக்கட்டும் என்று பள்ளிக்கூட அறையொன்றில் வைத்துச் சீல் வைத்தார்.

அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. ஊரே அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏறி உட்கார்ந்தது. பரிசோதகரும் அங்கேயே மாட்டிக்கொண்டார். படகு ஒன்றும் வரவில்லை. சோறு போய்க் கஞ்சியாயிற்று.

சமையலுக்கு நின்ற பூமணி அவரிடம் போனாள். "ஐயா, புள்ளயள் வெறுங்கஞ்சி குடிச்சிச் சுருண்டு கிடக்குதுகள். ஊதாத டின்ன மட்டும் தாங்க. நல்லாக் கொதிக்க வெச்சித் தாறன்."

பரிசோதகர் மனம் இளகிப்போனார். சீலை உடைத்து, ஊதியவற்றை ஒதுக்கி, தட்டையானவற்றை எடுத்துக் கொடுத்தார். பலவற்றின் மூடியில் பருப்பளவு ஈயப் பொட்டு இருந்தது. கம்பெனி அடையாளமாக்கும் என்று விட்டுவிட்டார்.

குழம்பு கொதித்தது. அந்த ஊரில் எந்தப் பொதுச் சமையலிலும் முதல் அகப்பை பிள்ளைத்தாச்சிக்குத்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. பூமணி முதல் அகப்பையைக் கிண்ணத்தில் ஊற்றி, மாதம் முற்றியிருந்த தன் மகள் ஜெயந்தினிக்கு உள்ளறையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுகோடியில் படுத்திருந்த தம்பிராசா வாசம் பிடித்து எழுந்து வந்தார். வெட்டிப் போட்ட மூடிகளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பானையை ஓங்கி உதைத்தார். குழம்பு மண்ணோடு போயிற்று.

"தம்பிராசண்ணே, உங்களுக்கென்ன பேயா புடிச்சிருக்கு?" என்று அலறினாள் பூமணி.

"என்ட சாமான். நான் கொட்டுவன்."

அதற்குமேல் அவர் வாய் திறக்கவில்லை. பசித்த ஊர் அவரைச் சும்மா விடுமா? அடித்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டார்.

பசிக்காகச் சட்டத்தை வளைத்தார் ஒருவர். பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கிச் சமைத்தாள் ஒருத்தி. பானையை உதைத்து அடிவாங்கினார் இன்னொருவர். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தம்பிராசா என்றுதானே சொல்ல வந்தீர்கள்? ஊதிய டின்களைத் துளைத்துக் காற்றை இறக்கி, ஈயத்தால் அடைத்தவர் அவர். கொதித்தாலும் போகாத நஞ்சை ஊரின் வாய்க்குப் போகாமல் தட்டிவிட்டவரும் அவரே. உதைத்த கால் சரிதான். சிறைக்குப் பயந்து மூடிய வாய்தான் பாவி. "நஞ்சு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பூமணி உள்ளறைக்கு ஓடியிருப்பாள். எல்லோரும் மண்ணில் கொட்டியதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஜெயந்தினி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.