கண்டக்டர் காலி செய்த மெமரி

கற்பூரம் கொளுத்தி வையுங்கள், அடித்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்குச் சாப்பிடும் சர்க்கரைப் பொங்கல் எனக்கு வேப்பங்காயாய்க் கசக்கட்டும்.

பூங்குறிச்சித் தேர்த் திருவிழாவுக்கு அந்த வருஷம் கூடிய கூட்டத்தில், ஒருவர் தும்ம வேண்டுமென்றால் சுற்றியிருக்கிற நாலு பேரிடம் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் தொலையாமல் என்ன செய்யும்? மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மேளம் விழுங்கிவிடும். அதற்காகவே கோயில் மடத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். தொலைந்த பிள்ளையின் போட்டோவை அதில் ஏற்றிவிட்டால் போதும். நாலு தேர்வீதிகளில் இருக்கிற பந்தல்காரர்களும் தங்கள் திரையில் அதை வரவழைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த மிஷினுக்குக் குரு தில்லைக்கரசி. வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான். சீடர் பூவராகன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "படிக்கிற வயசா இது?" என்று மருமகன் கேட்டதற்கு, "உனக்குப் படிக்கிற வயசுல நீ என்ன கிழிச்சே?" என்று கேட்டுவிட்டு வந்து சேர்ந்தவர்.

தேரன்று குரு ஒரு பந்தலில் ஒயர் சரிபார்க்கப் போயிருந்தார். மிஷின் பூவராகன் பொறுப்பில். அவர் திரையைப் பார்த்தார். மெமரி முழுக்க நிரம்பிக் கிடந்தது. காலி என்று காட்டிய இடம், கூட்ட நேரத்து பஸ்ஸில் ஒரு கால் வைக்கிற அளவுகூட இல்லை.

பூவராகன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். இணையத்தில் தேடி, மெமரியை ஒரே அடியாகக் காலி செய்கிற கட்டளை ஒன்றைப் பிடித்தார். தட்டினார். இடம் காலியானது. அவர் நெஞ்சில் மோர் வார்த்த மாதிரி இருந்தது. மோர் இறங்குவதற்குள் மறுபடி நிரம்பியது. விடுவாரா? மூச்சுக்கு ஒரு தரம் மிஷினே தன்னைக் காலி செய்துகொள்ளும்படி ஏற்பாடு பண்ணிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் போன்கள் வர ஆரம்பித்தன. போட்டோ வரமாட்டேன் என்கிறதாம். முதலில் தலைமுடி வருகிறது, பிறகு நெற்றி. மூக்கு வருவதற்குள் தேர் ஒரு வீதி திரும்பிவிடுகிறதாம்.

வாசற்படியில் முனியப்பன் என்ற கொத்தனார் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் தேன்மொழியைக் காணோம்; அவள் போட்டோவை மிஷினில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு போனுக்கும், "எம் புள்ளையாங்க?" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். கிழக்கு வீதிப் பந்தலில் மஞ்சள் பாவாடையில் ஒரு சிறுமி அழுதுகொண்டு நின்றாளாம். பெயர் கேட்டால் சொல்லவில்லை. மஞ்சள் பாவாடைக்கு அன்று ஊரில் பஞ்சமில்லை; முகம் பார்க்காமல் யாரிடம் ஒப்படைப்பது? போட்டோ இறங்கி முடிவதற்குள் அவள் கையை உதறிக்கொண்டு கோயில் யானையின் பின்னால் போய்விட்டாளாம்.

இதைக் கேட்டபின் முனியப்பன் உட்காரவேயில்லை.

அந்த நேரம் தில்லைக்கரசி உள்ளே வந்தார்.

"மெமரி ரொம்பிப் போச்சும்மா. காலி பண்ணிக்கிட்டே இருக்கேன். அப்படியும் இழுக்குது" என்றார் பூவராகன்.

"எதைக் காலி பண்ணீங்க?"

"கேஷுன்னு போட்டிருந்துச்சு. யாரோ ஒருத்தர் கேட்ட போட்டோவை டிஸ்க்லேருந்து எடுத்துக் கொடுத்துட்டு, திரும்ப யாராவது கேப்பாங்கன்னு கையிலயே வெச்சுக்கிட்டிருக்கு. கொடுத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு எடத்தை அடைக்கணும்?"

"டூட்டி முடிஞ்ச டிரைவர் யாரும் உங்க பஸ்ல உக்காந்து வந்ததில்லையா?"

"வருவாங்க."

"டிக்கெட் எடுத்தவர் ஏறினா?"

"எந்திரிச்சுக் கொடுத்திருவாங்க. நாம சொல்லவே வேணாம்."

"கேஷும் அப்படித்தான். வேற வேலைக்கு எடம் வேணும்னா தானா எந்திரிச்சிரும். அந்தக் கட்டளையை எடுத்துருங்க."

பூவராகன் விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுபோனார். ஆனால் காலி சீட்டுக்கே ஆயுசெல்லாம் ஏங்கிய மனசு கேட்கவில்லை.

"இருந்தாலும், காலியா இருந்தா நல்லதுதானேம்மா?"

குரு பக்கத்தில் வந்தார். பூவராகன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அறையின் மறுகோடியில் இருந்த பீரோவில் வைத்துச் சாத்தினார்.

பூவராகன் ஒன்றும் புரியாமல் போய் எடுத்து வந்தார். மாட்டிக்கொண்டு ஒரு எழுத்தைத் தட்டினார். குரு மறுபடி கழற்றிக்கொண்டு போனார். மறுபடி பீரோ.

"ஏம்மா, இங்க புள்ளையக் காணோம்னு நிக்கிறேன்" என்றார் முனியப்பன். "அந்தாளு கண்ணாடிய அவரு மூக்குல விட்டு வையேம்மா."

பூவராகன் ஓடிப்போய் எடுத்து வந்தார். அடுத்த எழுத்தைத் தட்டியதும் குருவின் கை நீண்டது. இந்தத் தடவை பூவராகன் இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இன்னும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்!"

"மிஷினும் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு. நீங்கதான் மூச்சுக்கு ஒரு தரம் பிடுங்கி, அந்த மெதுவான டிஸ்க்குக்கு ஓட விட்டீங்க" என்றார் குரு.

பூவராகன் கண்ணாடியை நன்றாக மாட்டிக்கொண்டார். கட்டளையை எடுத்தார்.

போட்டோ ஒரு தரம் டிஸ்க்கிலிருந்து வந்தது. அதன்பின் கண் இமைக்கிற நேரத்தில் எல்லாப் பந்தல்களிலும் தேன்மொழியின் முகம், மூக்கோடு. வடக்கு வீதிப் பந்தல்காரர் திரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், இறங்கி ஓடினார். யானை அவளைத் தாண்ட விடாமல் தும்பிக்கையைக் குறுக்கே போட்டு, யாராவது வரட்டும் என்று நின்றுகொண்டிருந்ததாம். செய்தி கேட்ட முனியப்பன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

போன்கள் ஓய்ந்தன. பூவராகன் திரையைப் பார்த்தார். மெமரி மறுபடி நிரம்பி நின்றது. கை ஒரு தரம் விசைப்பலகை வரை போயிற்று. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கதை உங்களோடு இருக்கட்டும். சொல்லித்தான் தீருவேன் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்து ஊர்க்காரன் எவனோ என்று கையைக் காட்டிவிடுங்கள். பூவராகன் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். என் வீடும் அவருக்குத் தெரியும்.