கிணற்றில் இறங்கிய அம்மா

சென்னிமலை அடிவாரத்தில் ஒரு சாமி இருந்தார். யார் எதைக் கேட்டாலும் புத்தி சொல்ல மாட்டார். வேலை சொல்லுவார். அதனாலேயே அவரிடம் கூட்டம் குறைவு.

வந்துபோகிற நாலைந்து பேரில் கலாமணியும் ஒருத்தி. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நறுமுகைக்கு ஒன்பது வயது, சின்னவன் ஆதிரனுக்கு ஆறு. இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துத் தானே சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டில் என்றுதான் பேர். அவளுடைய ஸ்கூட்டி வீட்டில் நின்று யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை சிலம்பம். செவ்வாய் ஈரோட்டு நூலகம். புதன் தறிப்பட்டறை, வியாழன் தபேலா, வெள்ளி சந்தையில் கணக்கு, சனி தோட்டத்துக் கிணற்றில் நீச்சல். ஞாயிறாவது ஓய்வு என்று பார்த்தால் வெள்ளோட்டு ஏரிக்குப் பறவை பார்க்கப் போவார்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் கலாமணி.

மினி பஸ்சுக்குக்கூட ஒரு நாள் லீவு உண்டு, இந்த அம்மிணிக்குக் கிடையாது என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே போவாள்.

ஒரு நாள் சிரிக்காமல் வந்து சாமி முன்னால் உட்கார்ந்தாள். சாமி நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

நறுமுகை வரவர எதையும் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று சொன்னாள். சிலம்பத்தில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சுற்றுவதில்லை. தெரிந்த கணக்கை மட்டும் போடுகிறாள். பதினோரு சனிக்கிழமையாகக் கிணற்றுப் படியில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் கால்கூட நனையவில்லை. வீட்டுக்காரர் லோகநாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மே மாதம் முடிவதற்குள் பிள்ளை துணிந்து ஒரு காரியமாவது செய்யவேண்டும். இல்லையென்றால் ஜூன் மாதம் இரண்டு பேரும் ஹாஸ்டல் பள்ளிக்கூடம்.

"பிள்ளையோட பயத்தை எப்படிங்க சாமி போக்கறது?"

சாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஏரியில பறவை பேரெல்லாம் யாரு சொல்றது?"

"நான்தானுங்க. முந்தின நாளே படிச்சு வெச்சுக்குவேன். தறிப்பட்டறைக்குப் போனாலும் அப்படித்தான். அதுங்க என்ன கேட்டாலும் எங்கிட்டப் பதில் இருக்கும்."

"உனக்கு வராதது ஒண்ணு சொல்லு."

கலாமணி யோசித்தாள். சாமி ஒரு கை கடலை உரித்து முடிக்கிறவரை யோசித்தாள்.

"நீச்சல் வராதுங்க."

"சனிக்கிழமை இறங்கு."

"எனக்குப் பயமுங்க சாமி."

"அதையும் கூட்டிட்டு இறங்கு."

கிணற்றில் நீச்சல் பழக்குகிறவர் குப்பண்ணன். அந்தக் காலத்தில் பிள்ளைகள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டினவர், இப்போது காலி பிளாஸ்டிக் கேன் கட்டுகிறார். கலாமணி சுடிதாரோடு வந்து நின்றதும் அவர் ஒரு கேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேசாமல் இரண்டு கேனைக் கட்டிவிட்டார்.

தண்ணீருக்குள் போன கலாமணி, படிக்கல்லைப் பிடித்தவள் பிடித்தபடி இருந்தாள். ஒரு தரம் விட்டுப் பார்த்தாள், மூக்கில் வாயில் தண்ணீர் ஏறி மறுபடியும் கல்லுக்கே வந்தாள். அம்மா எருமை மாதிரி மூச்சு விடுகிறாள் என்று ஆதிரன் தண்ணீருக்குள்ளிருந்தே சிரித்தான்.

"கல்லு எங்கயும் ஓடிப்போயிராதுங்க அம்மிணி. நம்பி விட்டுட்டு வாங்க" என்றார் குப்பண்ணன்.

அவள் நாலைந்து தரம் விட்டாள். நாலைந்து தரமும் திரும்ப வந்து பிடித்தாள். கடைசியில் இருமிக்கொண்டே நிமிர்ந்து, படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள்.

"எனக்கு வரல நறு. எப்படின்னே தெரியல."

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நறுமுகை கேட்டதே இல்லை. மெதுவாக, நீ காலை மடக்கிவிடுகிறாய், நீட்டி அடிக்கவேண்டும், மோவாயைத் தூக்கவேண்டும், மூச்சை வாயால் வாங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினோரு வாரம் படியில் உட்கார்ந்து பார்த்தவள் அல்லவா.

"சொன்னாப் புரியலடா. செஞ்சு காட்டு" என்றாள் கலாமணி.

குப்பண்ணன் ஒரு கேனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நறுமுகை எழுந்தாள். முதுகில் கேனைக் கட்டிக்கொள்ளக் கையைத் தூக்கி நின்றாள். ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள்.

போனவள் ஒரு முழுக்கு முழுகி, மூக்கெல்லாம் தண்ணீராக மேலே வந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்கும் வரலம்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கலாமணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே கல்லைப் பிடித்துக்கொண்டு, கிணறு முழுக்க எதிரொலிக்கிற மாதிரி சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து தினம் காலையில் கிணறுதான். சிலம்பமும் தபேலாவும் அதற்குப் பின்னால் நடந்தன. ஏரிக்குப் போய் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர் தெரியாத ஒரு கொக்கைப் பற்றித் தாயும் மகளும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மே மாதம் கடைசிச் சனிக்கிழமை லோகநாதன் கிணற்றுக்கு வந்தார். நறுமுகை கேன் இல்லாமல் குதித்தாள். அவள் கை வீசி, கால் அடித்து, எதிர்ச் சுவரைத் தொட்டு, திரும்பிப் பாதிக் கிணற்றில் மிதந்துகொண்டிருந்த அம்மாவிடம் வந்தாள். கலாமணிக்கு இன்னும் ஒரு கேன் இருந்தது. மகள் பக்கத்திலேயே நீந்திக்கொண்டு, மடக்காதே, நீட்டி அடி, பாதி தாண்டிவிட்டாய் என்று அதட்டி அதட்டி அம்மாவைக் கரை சேர்த்தாள். கலாமணி எதிர்ச் சுவரை இரண்டு கையும் சேர்த்துத் தொட்டபோது மேலே நின்ற தோட்டத்து ஆட்களெல்லாம் கைதட்டினார்கள்.

லோகநாதன் கைதட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குப்பண்ணனிடம் கேட்டார்.

"ஜூன் மாசமும் இதுல தண்ணி இருக்குமுங்களா?"

"இருக்குமுங்க."

"அப்ப ஜூன்லயும் இங்கேயே வரட்டுமுங்க."

அன்று சாயங்காலமே கலாமணி சாமியிடம் ஓடினாள். தலைகூடச் சரியாகத் துவட்டவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். கம்பு சுற்றி நெற்றியில் வாங்கிக்கொண்டாளாம் நறுமுகை, அழாமல் மறுபடியும் சுற்றினாளாம். வராத கணக்கைப் போட்டுத் தப்பு வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிறாளாம். அவள் கேட்பதில் பாதிக்கு இப்போது தனக்குப் பதில் தெரிவதில்லையாம்.



"இனி நான் அவளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுக்கறதுங்க சாமி?"

அந்தக் கிணறு ரொம்ப ஆழமா என்று கேட்டார் சாமி. நாலு ஆள் ஆழம் இருக்கும் என்றாள் கலாமணி.

"எனக்கும் நீச்சல் வராது, அம்மிணி. சனிக்கிழமை நானும் வரலாமான்னு உம் பொண்ணைக் கேட்டுச் சொல்லு."