மிருதுளாவின் ரப்பர் பந்து

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் நிலோஃபர். திருச்சி தென்னூரில், மருந்துக்கடை மாடியில் இருக்கும் குழந்தைகள் தெரபி மையம் அவளுடையது.

சீடருக்கு ஐம்பத்து மூன்று. பிலோமினா. கணவர் கல்லறையில், மகன் கனடாவில். டிவியோடு பேசிப் பேசி அலுத்துப்போய் வேலை கற்றுக்கொள்ள வந்தவள். கான்வென்ட் பழக்கம் விடவில்லை. தன்னைவிடச் சின்னவளை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டாள்.

அன்று மாலை படியேறி வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

“மிஸ், உங்க மெஷின்ல ஏதோ கோளாறு.”

“என்ன ஆச்சு அக்கா?”

“மிருதுளா ரோட்டைத் தாண்டல.”

மிருதுளாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஜூனில் சேர வேண்டிய பள்ளியோ சாலைக்கு எதிர்ப்பக்கம். அதனால்தான் இரண்டு மாதமாக அவளுக்கு வி.ஆர். கண்ணாடி போட்டுப் பழக்கினார்கள். கண்ணையும் காதையும் மூடிவிடும் அந்தக் கண்ணாடிக்குள் ஒரு பொய்ச் சாலை, பொய்ப் பஸ்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, விளக்கு பச்சையானதும் வலது கையால் பொத்தானை அழுத்தினால் தாண்டிவிடலாம்.

“உள்ளே இருபது தடவைக்கு இருபது தடவை தாண்டறா. வெளியே கூட்டிட்டுப் போனா நடைபாதையில சப்பணம் போட்டு உக்காந்துட்டா. ஆட்டோக்காரன் வரைக்கும் எனக்கு அட்வைஸ் பண்றான்.”

நிலோஃபர் பிலோமினாவின் நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள்.

“இது என்ன அக்கா, ‘இடது கை அசைவு’ன்னு?”

“கண்ணாடி போட்டதும் இடது கையால காத்துல துழாவுவா மிஸ். ஒரு நாள் பதினாலு தடவை. நான்தான் ஐடியா பண்ணி அந்தக் கையில ஒரு ரப்பர் பந்தைக் குடுத்தேன். மறுநாளே பூஜ்யம்.”

“இன்னிக்கு ரோட்டுல?”

“அங்கேயும் பந்தோடதான் போனேன். பஸ் வந்ததும் என் பக்கம் கையை நீட்டினா. சட்டுனு பந்தை வச்சேன். பார்த்தா. கீழே போட்டா. உக்காந்துட்டா.” பிலோமினா பையை இறக்கினாள். “ரெண்டு மாசம் பக்கத்துலயே கிடந்தேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கல. அந்தப் பொய் ரோட்டுல இருக்கற எது, நிஜ ரோட்டுல இல்லாமப் போச்சு மிஸ்?”

நிலோஃபர் அலமாரியைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள்.

“நீங்க ஒரு தடவை தாண்டுங்க.”

“நானா? முப்பது வருஷமா தெப்பக்குளம் கடைத்தெருவைத் தாண்டறவ நான்.”

“உக்காருங்க அக்கா.”

அந்தக் கண்ணாடியை நூறு தடவை துடைத்து வைத்திருக்கிறாள் பிலோமினா. ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

அறை போயிற்று. மின்விசிறிச் சத்தம் போயிற்று. எதிரே அகலமான சாலை, நடைபாதையில் ஆள் அரவம் இல்லை. குனிந்தாள். தன் காலையே காணோம்.

ஒரு பஸ் அலறிக்கொண்டு வந்தது.

“மிஸ்?”

பதில் இல்லை.

“மிஸ், இருக்கீங்களா?”

இன்னொரு பஸ். பொய் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவளைக் கேட்காமலே இடது கை எழுந்து காற்றில் துழாவியது.

கைக்குள் ஏதோ வந்தது. சில்லென்று, உருண்டையாக.

பிலோமினா கண்ணாடியைக் கழற்றினாள். உள்ளங்கையில் ரப்பர் பந்து. முழங்கால் இடிக்கும் தூரத்தில், பக்கத்து நாற்காலியில் நிலோஃபர்.

“இங்கேயேவா இருந்தீங்க?”

“இங்கேயேதான்.”

“கூப்பிட்டேனே.”

“கேட்டுச்சு.”

நிலோஃபர் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். புது வரி ஒன்று எழுதியிருந்தாள். இடது கை அசைவு: ஒன்று. பந்து கொடுத்த பிறகு: பூஜ்யம்.

பிலோமினா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையைக் கடைசியாகப் பிடித்தது யார் என்று யோசித்தாள். போன மாதம், சர்க்கரை டெஸ்டுக்கு ரத்தம் எடுத்த பெண். அதுவும் கையுறை போட்டுக்கொண்டு.

“மிருதுளா யாரையும் தொடமாட்டான்னு அவங்க அம்மாதான் சொன்னாங்க மிஸ். ஃபைல்லயும் அப்படித்தான் இருக்கு.”

“இருக்கு.”

கீழே நிஜ பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பந்தைப் புடவைத் தலைப்பில் துடைத்து டப்பாவில் போடப் போன பிலோமினா, போடாமல் நின்றாள்.

“நாளைக்கு மறுபடி கூட்டிட்டுப் போகணும். பந்தை எடுத்துட்டுப் போகட்டுமா, வேண்டாமா?”

“எடுத்துட்டுப் போங்க அக்கா,” என்றாள் நிலோஃபர். “உங்க இன்னொரு கையில வச்சுக்கங்க.”