செண்பகம் ஒளித்த கோணல் பிஸ்கட்டுகள்

அந்தக் காட்டில் மழை விட்டதும் பிஸ்கட்டுத் திருநாள் வந்துவிடும். கறையான்கள் கைவிட்ட பழைய புற்றுதான் அடுப்பு. தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்து, குட்டிகள் ஆளுக்கொரு பிஸ்கட்டு செய்யும். சாயங்காலம் அதைத் தனக்குப் பிடித்தவர் கையில் கொடுக்க வேண்டும். கடைசிக் குட்டியும் கொடுத்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். அதுதான் வழக்கம்.

குட்டிகளுக்குச் சொல்லித் தருபவள் மலை அணில் செண்பகம். நாவல்பழச் சாற்றில் அவள் விரலைத் தொட்டு வைத்தால் பிஸ்கட்டில் பூ மலரும். தனியாள். அவளுக்கு மட்டும் இதுவரை யாரும் பிஸ்கட்டு கொடுத்ததில்லை. 'இவ்வளவு அழகாகச் செய்கிறவளுக்கு நாம் எதைக் கொடுப்பது?' என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அவளும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டாள். ஊர் மெச்சினால் போதும் என்றிருந்தாள்.

அன்று காலை புற்றடியில் ஒரே ரகளை.

"அத்தை, இவன் என் எள்ளையெல்லாம் தின்னுட்டான்!"

"நான் எங்கே தின்னேன்? அதுவா வாய்க்குள்ள விழுந்துச்சு!"

மூஞ்சூற்றுக் குட்டி சுண்டு மூக்கெல்லாம் மாவாக, ஓர் உருண்டையின் முதுகில் நீளமாக எதையோ ஒட்டிச் செம்பருத்திச் சாறு பூசிக்கொண்டிருந்தான்.

"என்னடா இது, பழுத்த பாகற்காயா?" என்று கேட்டாள் செண்பகம்.

"சொல்ல மாட்டேன்!"

வெந்து வந்த பிஸ்கட்டுகளைக் கரடி கொம்பையா எட்டிப் பார்த்தார். "என்ன செண்பகம், பிஸ்கட்டுக்கெல்லாம் அம்மை போட்டிருக்கா?" என்று சொல்லிக் காடு அதிரச் சிரித்தார்.

செண்பகத்துக்குச் சுருக்கென்றது. 'என் பேரே கெட்டுவிடுமே!'

குட்டிகள் ஓடைக்குக் குளிக்கப் போனதும், கோணல் பிஸ்கட்டுகளை வாரிக்கொண்டு மரம் மரமாகத் தாவிப் பொந்துகளில் ஒளித்தாள். புதிதாகச் சுட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவான பூ! தேக்கிலையில் அடுக்கிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

குட்டிகள் வந்தன. யாரும் மெச்சவில்லை.

"என் மூணுகால் யானை எங்கே?"

"இதுல எது என்னோடது?"

சுண்டு இலையை இரண்டு முறை சுற்றி வந்தான். "அத்தை, என்னோடதைக் காணோம்."

"இதோ பாரு, இது அதைவிட அழகு!"

"இது நான் செஞ்சதில்லையே! நான் செய்யாததை எப்படிக் கொடுப்பேன்?" அவன் உதடு பிதுங்கியது. ஒருவன் அழ, எல்லாக் குட்டிகளும் அழுதன. திருநாள் அப்படியே நின்றுவிட்டது.

"எங்கே வெச்சே? எடுத்துக் கொடுத்துடு" என்றார் கொம்பையா.

செண்பகம் வாயைத் திறந்தாள். பலா மரத்திலா? மருத மரத்திலா? அணிலுக்கு ஒளிக்கத் தெரியும். ஒளித்த இடம் தெரியாதே!

"மறந்துட்டேன், அண்ணே!"

"சரிதான்! நீ ஒளிச்ச பலாக்கொட்டையெல்லாம் இப்போ மரமா நிக்குது. பிஸ்கட்டு மரம் முளைக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா? ஏறுங்கடா முதுகுல!"

கொம்பையா தேன்வாசம் பிடித்து முன்னே போனார். அவர் முதுகில் ஏறிக்கொண்ட குட்டிகள் பொந்துக்குப் பொந்து கைவிட்டுத் துழாவின. "கிடைச்சிடுச்சு! என் யானை!" அழுத குட்டிகள் இப்போது உருண்டு சிரித்தன.

மற்றக் குட்டிகள் எல்லாம் கொடுத்து முடித்தும் சுண்டுவின் பிஸ்கட்டு மட்டும் கிடைக்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. செண்பகம் கிளைகிளையாகத் தேடினாள். கடைசியில் அது அவள் கூட்டிலேயே, சருகுக்கு அடியில் இருந்தது! ஓடிவந்து நீட்டினாள்.

"தப்பு பண்ணிட்டேன்டா, கண்ணு."

சுண்டு அதை வாங்கி, வயிற்றில் துடைத்து, அவளிடமே திருப்பி நீட்டினான்.

"உங்களுக்குத்தான் அத்தை. இது பாகற்காய் இல்ல, உங்க வாலு! நீங்க தாவும்போது இப்படித்தான் ஆடும்!"

செண்பகம் பார்த்தாள். ஆமாம், அவள் வாலேதான். கோணலாக, சிவப்பாக, காற்றில் ஆடுவதுபோல். தன் வாலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வாங்கிக்கோ தாயி! பசி உயிரை எடுக்குது!" என்றார் கொம்பையா.

அவள் வாங்கினாள். காடெங்கும் கறுக் மொறுக்கென்று சத்தம்! பூப்போட்ட பிஸ்கட்டுகளும் மிச்சமில்லை. செண்பகம் தன் பிஸ்கட்டை ஓரமாகக் கடித்துத் தின்றாள். வாலை மட்டும் கடிக்காமல் வைத்துக்கொண்டாள்.

குழந்தைகளின் கோணலைத் திருத்தப் பதறும் கை, தனக்கென்று நீண்ட அன்பையே தட்டிவிடும்.